கையிலும் காலிலும் ஒரு தடவை

(அம்பத்தூரில் வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில், பச்சிளங்குழந்தைகள் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அம்பத்தூர் என்றால் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட், ஆவடி என்றால் டேங்க் ஃபேக்டரி, பூந்தமல்லி என்றால் பெங்களூர் போகிற வண்டிகள். சென்னையின் மேற்குப் பக்கத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நம் பக்கத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. இந்தியாவிலேயே முதல் கரோனரி பைபாஸ் அறுவைச் சிகிச்சை 1975-இல் நடந்தது இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில். செய்தவர் டாக்டர் கே. எம். செரியன். பிறகு அவர் முகப்பேரில் மெட்ராஸ் மெடிக்கல் மிஷனின் இருதயப் பிரிவை வளர்த்தெடுத்தார். அதன் பிறகு அதே பகுதியில் ஃபிரான்டியர் லைஃப்லைன் மருத்துவமனையையும் தொடங்கினார். 2025 ஜனவரியில் காலமானார். வடநாட்டிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இருதய ஆபரேஷனுக்காக முகப்பேருக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ரயிலேறி, விமானமேறி வந்தவர்கள்.

நமக்கோ அது ஷேர் ஆட்டோ தூரம். அந்தத் தூரத்தில் இருந்துகொண்டே நம் வீட்டுக் குழந்தைகள் நேரத்துக்கு அங்கே போய்ச் சேராமல் இருப்பது எப்படி என்பதைத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

பிறவிக் கோளாறு என்றதும் நம் ஆட்களுக்கு ஞாபகம் வருவது கண்ணுக்குத் தெரிகிற குறைதான். உதடு பிளந்திருக்கிறது, பாதம் வளைந்திருக்கிறது, முதுகில் கட்டி இருக்கிறது. இவையெல்லாம் பிரசவ அறையிலேயே தெரிந்துவிடும். ஆனால் பிறவிக் கோளாறுகளில் அதிகம் வருவது இருதயக் கோளாறு. அது வெளியே தெரியாது. ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் எட்டு ஒன்பது குழந்தைகளுக்கு இருதயத்தில் ஏதோ ஒரு குறை இருக்கும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு எட்டு ஒன்பது லட்சம் பிறப்புகள். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். அதில் பெரும்பகுதி சின்ன ஓட்டைகள். சில தானாகவே மூடிக்கொள்ளும், சிலவற்றை நிதானமாகச் சரிசெய்யலாம். சுமார் நான்கில் ஒரு பங்கு அப்படியல்ல. முதல் ஆண்டுக்குள் ஏதாவது செய்தாக வேண்டும். சிலருக்கு முதல் வாரத்துக்குள்.

அந்த முதல் வாரக் குழந்தை ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். திருமுல்லைவாயலில் எங்கள் தெருக் குழந்தை. அப்பா எஸ்டேட்டில் சி.என்.சி. மெஷின் ஓட்டுபவர். அம்மாவுக்கு இது முதல் பிரசவம், சுகப்பிரசவம், மூன்று கிலோவை ஒட்டிய எடை. பிறந்ததும் நன்றாக வீறிட்டு அழுதது. இரண்டாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சுகப்பிரசவமானால் 48 மணி நேரத்தில் வீடு என்பது எல்லா இடத்திலும் வழக்கம்தான், அதில் தவறு சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி குழந்தை மார்பில் வாய் வைக்கிறது, நாலு இழுப்பு இழுக்கிறது, விட்டுவிடுகிறது. மூச்சு வாங்குகிறது. மறுபடி வாய் வைக்கிறது, மறுபடி விட்டுவிடுகிறது. ஃபேன் ஓடுகிறது, ஆனாலும் நெற்றியில் வேர்வை. அந்தப் பெண் மாமியாரிடம் சொல்லியிருக்கிறாள். பாட்டி விரல்களைப் பார்த்தார், நீலம் பூத்திருந்தது. "இது கருவாப்பு, காலையில உரை மருந்து கொடுத்தா சரியாப் போயிடும்" என்றார். பாட்டியை நான் குறை சொல்லமாட்டேன். அவர் நாலு பிள்ளை வளர்த்தவர். பிறந்த குழந்தைக்குக் கையும் காலும் நீலமாக இருப்பது சகஜம் என்று அவருக்கு அனுபவத்தில் தெரியும். அது உண்மையும்கூட. குளிரினால் வருகிற நீலம் கை, கால் நுனியோடு நின்றுவிடும், போர்த்திவிட்டால் மறையும்.

பார்க்க வேண்டிய இடம் நாக்கு. காலையில் என்னைக் கூப்பிட்டார்கள். விரலால் கீழுதட்டை விலக்கிப் பார்த்தேன். நாக்கும் உதட்டின் உட்பக்கமும் கருநீலமாக இருந்தன. நம் நிறத்துக் குழந்தைகளுக்குத் தோலில் நீலம் சட்டென்று தெரியாது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 80 சதவீதத்துக்குப் பக்கமாக இறங்கும்வரை டாக்டரின் கண்ணுக்கே தெரியாது. நாக்கில் தெரிகிற நீலத்துக்கு உரை மருந்து கிடையாது. 108-க்கு ஃபோன் போட்டோம். பச்சிளங்குழந்தைகளுக்கென்று தனியாக இன்குபேட்டர் வைத்த ஆம்புலன்ஸ் அந்தச் சேவையில் உண்டு. கூப்பிடும்போதே பிறந்து எத்தனை நாள், மூச்சு எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

குழந்தைக்கு வந்திருந்தது பெருங்குழாய் இடமாற்றம். இருதயத்திலிருந்து இரண்டு பெரிய ரத்தக் குழாய்கள் புறப்படுகின்றன. ஒன்று நுரையீரலுக்கு, இன்னொன்று உடம்பு முழுவதுக்கும். இந்தக் குழந்தைகளுக்கு இரண்டும் இடம் மாறி முளைத்திருக்கும். ஆவடியில் புறப்பட்ட பஸ் ஊரைச் சுற்றிவிட்டு ஆவடிக்கே வருகிறது, பூந்தமல்லியில் புறப்பட்டது பூந்தமல்லிக்கே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நுரையீரலில் ஆக்சிஜன் ஏற்றிய ரத்தம் திரும்பவும் நுரையீரலுக்கே போகிறது. உடம்பிலிருந்து வந்த கெட்ட ரத்தம் உடம்புக்கே போகிறது. நடுவில் ஒரு சின்ன இணைப்பு ரோடு இருக்கும்வரைதான் குழந்தை பிழைக்கும். கருப்பையில் இருக்கும்போது எல்லாக் குழந்தைக்கும் அந்த இணைப்புக் குழாய் உண்டு. பிறந்து இரண்டு மூன்று நாளில் அது இயற்கையாகவே மூடிக்கொள்ளும். அதனால்தான் ஆஸ்பத்திரியில் சிவப்பாக இருந்த குழந்தை வீட்டுக்கு வந்து நீலமாகிறது. சிகிச்சை இல்லாவிட்டால் இப்படிப்பட்ட குழந்தைகளில் பாதிப் பேர் ஒரு மாதம் தாண்டுவதில்லை. ஓராண்டுக்குள் 100-க்கு 90 பேர் போய்விடுகிறார்கள்.

மூடுகிற குழாயைத் திறந்து வைக்க ஒரு மருந்து இருக்கிறது, புராஸ்டாகிளாண்டின் என்று பெயர். டிரிப்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். ஆனால் அது சில குழந்தைகளுக்கு மூச்சையே நிறுத்திவிடும். அதனால் வழியில் மூச்சு கொடுக்கத் தெரிந்த ஆள் கூடவே இருந்தாக வேண்டும். இந்தக் குழந்தைக்கு முதலில் கொண்டுபோன இடத்தில் ஆக்சிஜன் வைத்தார்கள், அளவு ஏறவில்லை. ஆக்சிஜன் கொடுத்தும் ஏறவில்லை என்றால் கோளாறு நுரையீரலில் இல்லை, இருதயத்தில் இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். அங்கிருந்த இளம் டாக்டர் சந்தேகப்பட்டார். அவர் நன்றாயிருக்க வேண்டும். அன்று மத்தியானமே எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டார்கள். சாயங்காலம் முகப்பேரில் ஓர் இருதய மருத்துவமனையில் குழந்தை சேர்ந்துவிட்டது.

இதற்குள் தெருவில் விசாரணை ஆரம்பமாகிவிட்டது. கிரகணத்தன்று வெளியே வந்தாளாமே? பப்பாளி சாப்பிட்டாளாமே? யார் வீட்டு வழி இது? பெண் வீட்டார் சொந்தத்தில் கட்டியதால் என்கிறார்கள், பையன் வீட்டார் பெண்ணின் ஜாதகம் என்கிறார்கள். சொந்தத்தில் கட்டுவதைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் நம் ஊரில் இன்னும் சாதாரணம். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பெண்கள் உறவில் கட்டிக்கொண்டவர்கள் என்று வந்திருக்கிறது. உறவுக் கல்யாணத்தில் பிறவிக் கோளாறு வரும் வாய்ப்பு கூடுகிறது, கிட்டத்தட்ட இரு மடங்காகிறது என்பது உண்மை. கல்யாணம் பேசும்போது பெரியவர்கள் அதை யோசித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் இந்தப் பெருங்குழாய்க் கோளாறு பெரும்பாலும் இரு குடும்பத்திலும் யாருக்கும் இல்லாமல் திடீரென்று வருவது. கருவாகி முதல் இரண்டு மாதத்துக்குள், பல பெண்களுக்குத் தாங்கள் உண்டாகியிருப்பதே சரியாகத் தெரியாத நேரத்தில் முடிந்துவிட்ட விஷயம். ஐந்தாம் மாதத்தில் வந்த கிரகணத்துக்கு அதில் வேலையே இல்லை.

தாய்க்குக் கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை இருந்து கட்டுப்படாமல் விட்டால் குழந்தையின் இருதயத்துக்கு ஆபத்து கூடும். ருபெல்லா என்கிற அம்மை முதல் மூன்று மாதத்தில் வந்தாலும் அப்படித்தான். கண்ணும் காதும் இருதயமும் சேர்ந்து கெடும். 1941-இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார். நம் ஊரில் 2017 பிப்ரவரியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு தட்டம்மை-ருபெல்லா ஊசி போட வந்தபோது என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? வாட்ஸ்அப்பில் வந்த புரளியை நம்பி எத்தனை பேர் அன்றைக்குப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல் வீட்டில் வைத்துக்கொண்டார்கள்! அந்த ஊசி அந்தப் பிள்ளைக்கு மட்டுமல்ல, நாளைக்கு அவள் சுமக்கப்போகிற பிள்ளைக்கும் சேர்த்துத்தான்.

அந்த அப்பாவுக்கு வேறு ஒரு ஆத்திரம். "சிஸ்டர், அஞ்சாம் மாசம் ஸ்கேன்ல எல்லாம் நார்மல்னுதானே எழுதிக் கொடுத்தாங்க?" என்று ரிப்போர்ட்டை நீட்டினார். இருதயத்தில் நான்கு அறைகளும் தெரிகின்றன என்று அதில் இருந்தது. பொய் இல்லை. இந்தக் கோளாறில் நான்கு அறைகளும் சரியாகவே இருக்கும். அறைகளிலிருந்து புறப்படுகிற குழாய்களையும் திருப்பிப் பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும். 18-லிருந்து 20 வாரத்துக்குள் எடுக்கிற அந்த ஸ்கேனின்போது, "குழாய்கள் புறப்படுகிற இடத்தையும் பார்த்தீர்களா டாக்டர்?" என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. சந்தேகம் இருந்தால் கருவின் இருதயத்துக்கென்றே தனி எக்கோ இருக்கிறது. முன்கூட்டியே தெரிந்துவிட்டால் பிரசவத்தையே இருதய மருத்துவமனைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். சரிசெய்யவே முடியாத கோளாறுகளும் உண்டு. அப்படிக் கடுமையான குறை தெரியவந்தால், 24 வாரத்துக்குப் பிறகும்கூட மருத்துவக் குழு ஒன்று பார்த்து முடிவெடுக்க 2021-இல் திருத்திய சட்டம் இடம் தருகிறது. அந்த இடத்தில் என்ன செய்வது என்பது அந்தத் தாயின் முடிவு. தெருவுக்கு அங்கே வேலை இல்லை.

நீலமாகிப்போகிற குழந்தைகளுக்குச் செய்கிற இருதய ஆபரேஷனுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். 1944 நவம்பர் 29, அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. நீலக் குழந்தை ஒன்றுக்கு உலகத்தில் முதல் தடவையாக ஆபரேஷன். யோசனை ஹெலன் டாசிக் என்ற பெண் மருத்துவருடையது. அவருக்குக் காது சரியாகக் கேட்காது. ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்க முடியாததால் விரல்களை நெஞ்சில் வைத்து இருதயத்தைப் படித்தவர். கத்தி பிடித்தவர் ஆல்ஃபிரட் பிளாலாக். அவருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் ஏறி நின்று, எங்கே தையல் போட வேண்டும், எந்தப் பக்கம் ஊசி போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார் ஒருவர். விவியன் தாமஸ். கறுப்பினத்தவர், தச்சு வேலை கற்றவர். டாக்டர் படிப்புக்குச் சேர்த்த காசு பொருளாதார மந்தத்தில் போய்விட்டது. நாய்களை வைத்து அந்த ஆபரேஷனைச் செய்து செய்து முறையை உருவாக்கியவர் அவர்தான். சம்பளப் பட்டியலில் அவரைத் துப்புரவுப் பணியாளர் தரத்தில் வைத்திருந்தார்கள். அந்த ஆபரேஷனுக்கு மற்ற இருவர் பெயரும் வைத்தார்கள், தாமஸ் பெயர் பல காலம் இல்லை. 1976-இல்தான் அந்தப் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது.

இடம் மாறிய குழாய்களை வெட்டி, மாற்றி வைத்துத் தைக்கிற ஆபரேஷனை முதலில் வெற்றிகரமாகச் செய்தவர் பிரேசிலின் அடீப் ஜாட்டேனே. அதுவும் 1975-தான், நம் பெரம்பூர் பைபாஸ் நடந்த அதே ஆண்டு. இருதயத்துக்கே ரத்தம் கொடுக்கிற கரோனரி நாளங்களையும் பெயர்த்து இன்னொரு குழாயில் தைக்க வேண்டும். பிறந்த குழந்தைக்கு அவை ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். இதைப் பிறந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் செய்துவிட வேண்டும். தாமதித்தால் இடது அறை பலம் இழந்துவிடும், பிறகு மாற்றி வைத்தாலும் அதனால் உடம்பு முழுவதுக்கும் ரத்தம் தள்ள முடியாது. உலகத்தின் தேர்ந்த மையங்களில் இன்றைக்கு 100-க்கு 95-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிழைக்கின்றன.

எங்கள் தெருக் குழந்தைக்கு இரண்டாம் வாரத்தில் ஆபரேஷன் நடந்தது. காத்திருந்த அந்த நாட்களில் எல்லோரும் குழந்தையைப் பார்த்தார்கள், அந்தப் பெண்ணை யாரும் பார்க்கவில்லை. பிரசவமாகி நாலைந்து நாள்தான். தையல் காயவில்லை, உதிரப்போக்கு நிற்கவில்லை. ஐ.சி.யூ. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் பகலெல்லாம் உட்கார்ந்திருக்கிறாள். பால் கட்டி மார்பு கல்லாகிவிட்டது, சேலை முன்பக்கம் நனைந்திருக்கிறது. வெட்கப்பட்டுத் துண்டைப் போர்த்திக்கொண்டிருக்கிறாள். அவளைக் கூட்டிப்போய் ஒரு ஸ்டீல் டம்ளரைக் கொதிநீரில் கழுவிக் கொடுத்து, கையால் பீய்ச்சச் சொல்லிக்கொடுத்தேன். குழாய் வழியாகக் குழந்தைக்கு அந்தப் பாலைக் கொடுக்கலாம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரியும். "எம்புள்ளைக்கு நான் செய்யறதுக்கும் ஒண்ணு இருக்கா அக்கா?" என்றாள். அதுவரை ஒருவரும் அவளிடம் அப்படி ஒன்றைச் சொல்லியிருக்கவில்லை. இப்படி ஒரு வீட்டுக்கு விசாரிக்கப் போகிறவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போக வேண்டாம். அந்தப் பெண்ணுக்குச் சுடச்சுட ரசம் சாதம் கட்டிக்கொண்டு போங்கள். சாப்பிடும்வரை கூட உட்காருங்கள். ஜோசியம் சொல்லாதீர்கள்.

பணம். இந்த ஆபரேஷன் தனியாரில் லட்சக்கணக்கில் ஆகும். குழந்தையின் அப்பா தாலிச் செயினை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார். இந்த மாநிலத்தில் ஏழைக் குழந்தைகளின் இருதய ஆபரேஷனுக்கென்று 2008-இலேயே தனித் திட்டம் வந்தது. 2009-இல் கலைஞர் காப்பீடு, 2012-லிருந்து முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு. இப்போது ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பம் இதில் சேரலாம். எஸ்டேட்டில் வேலை செய்பவர்களுக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது. 2013-இல் ஆரம்பித்த தேசியச் சிறார் நலத் திட்டத்தில் பிறவி இருதயக் கோளாறும் சேர்ந்திருக்கிறது. எழும்பூரில் அரசு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. ஆகவே ஆஸ்பத்திரியில் நுழைந்ததும் முதலில் காப்பீட்டுத் திட்டத்துக்கென உட்கார்ந்திருக்கிற அலுவலரைத் தேடிப் போங்கள். அடகுக் கடை அதற்குப் பிறகுதான்.

இனி நான் வந்த விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாம் நாள் ராத்திரி வரை காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. கொரோனா காலத்தில் நாம் எல்லோரும் விரலில் மாட்டிப் பார்த்தோமே, ஆக்சிமீட்டர், அந்த வகைக் கருவி போதும். பெரியவர்களுக்கான கிளிப் குழந்தைக்கு ஆகாது. பிஞ்சுக் கையைச் சுற்றி ஒட்டுகிற சென்சார் வேண்டும். பிறந்து 24 மணி நேரம் ஆன பிறகு வலது கையிலும், ஏதாவது ஒரு காலிலும் பார்க்க வேண்டும். ஊசி இல்லை, ரத்தம் எடுப்பதில்லை, சில நிமிட வேலை. 95 அல்லது அதற்கு மேல் இருந்து, கைக்கும் காலுக்கும் 3-க்கு மேல் வித்தியாசம் இல்லாவிட்டால் பயமில்லை. 90-க்குக் கீழே இருந்தால் வீட்டுக்கு அனுப்பவே கூடாது, உடனே எக்கோ. இடைப்பட்டு இருந்தால் ஒரு மணி நேரம் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். எல்லா இருதயக் கோளாறையும் இது பிடித்துவிடாது. ஆனால் எங்கள் தெருக் குழந்தைக்கு வந்ததைப் போன்றவற்றைப் பெரும்பாலும் பிடித்துவிடும்.

அமெரிக்கா 2011-இல் இதைப் பிறந்த குழந்தைகளுக்கான பரிசோதனைப் பட்டியலில் சேர்த்தது. கட்டாயமாக்கிய மாநிலங்களில் இப்படிப்பட்ட கோளாறால் நேரும் சாவுகள் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2017-இல் ஆய்வு வந்தது. அமெரிக்கா வரை போவானேன்! பக்கத்தில் கேரளா அதே 2017-இல் 'ஹ்ருத்யம்' என்று திட்டம் தொடங்கி, அரசு மருத்துவமனையில் பிறக்கிற குழந்தைகளை இப்படிப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. நம்மிடமும் பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் செய்கிறார்கள். நம் தெருமுனை நர்சிங் ஹோம் வரை இது வந்து சேர்ந்துவிட்டதா என்பதை நீங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கருவி இல்லாத ஆஸ்பத்திரி அபூர்வம். மயக்க மருந்து கொடுக்கிற ஒவ்வொரு தியேட்டரிலும் ஒன்று இருக்கிறது. அதைப் பிரசவ வார்டுக்குக் கொண்டுவர ஒரு சென்சாரும் ஒரு செவிலியரின் பத்து நிமிடமும் போதும் என்பதை முப்பதாண்டுக்கு மேல் வார்டில் நின்றவள் என்ற முறையில் சொல்கிறேன்.

அதனால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி, திருவேற்காடு பக்கத்தில் பிரசவம் பார்க்கிற நர்சிங் ஹோம்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிஸ்சார்ஜ் ஷீட்டில் எடை எழுதுகிறீர்கள், தடுப்பூசி எழுதுகிறீர்கள். அதற்குக் கீழே வலது கை எவ்வளவு, கால் எவ்வளவு என்று இரண்டு எண்களையும் எழுதிக் கொடுங்கள். பிரசவத்துக்குக் கூட்டிப்போகிற அப்பாக்களும் பாட்டிகளும் பில் கட்டுவதற்கு முன்னால், "கையிலயும் கால்லயும் ஆக்சிஜன் பாத்தீங்களா சிஸ்டர்?" என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் பார்த்த பிறகு கிளம்புங்கள். வீட்டுக்கு வந்த பிறகு பால் குடிக்கத் திணறினாலோ, குடிக்கும்போது வேர்த்தாலோ, நாக்கு நீலமாகத் தெரிந்தாலோ விடியும்வரை காத்திருக்காதீர்கள். 108 ராத்திரியிலும் வரும்.